டிராக்டர் ரிப்பேர் பார்த்த கஜல் மன்னர்

முதலாமாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் போட்டுப் போட்டு என் கையெல்லாம் கொப்புளம். ரூமுக்கு வந்தால் தூக்கம்தான் வரும். சின்ன வயசில் கற்ற வாய்ப்பாட்டை இதோடு மூட்டை கட்டிவிடலாம் என்றிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் பாகிஸ்தானின் கஜல் மன்னர் மெஹ்தி ஹசனின் வாழ்க்கையைப் படித்தேன். அவர் நம்ம ஆள்! மெக்கானிக்!

1927-ல் ராஜஸ்தானின் லூனா கிராமத்தில், தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த குடும்பத்தில் பிறந்தார். அப்பா அஜீம் கான்தான் குரு. துருபத் என்ற கனமான பழைய இசையில் அஸ்திவாரம் போட்டார்கள்.

1947-ல் நாடு பிரிந்தது. ஊரை விட்டுப் பாகிஸ்தான் போன அந்தக் குடும்பத்தின் கையில் காசில்லை. பஞ்சாபில் சீச்சாவத்னி என்ற ஊரில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது வயது இருபது. சரியாக நம்ம வயசு! அப்புறம் கார் மெக்கானிக், டீசல் டிராக்டர் மெக்கானிக். அத்தனை கஷ்டத்திலும் சாதகத்தை மட்டும் அவர் விடவே இல்லை. கிரீஸ் கையோடு வீடு திரும்பி, அதன் பிறகு பாட உட்காருவதென்றால் சும்மாவா? எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காதுக்கு, ஸ்ருதி விலகுவதும் தெரியாமலா போகும்? (இது என் சொந்த ஊகம்தான்!)

பத்து வருஷம் காத்திருந்தார். 1957-ல் ரேடியோ பாகிஸ்தானில் வாய்ப்பு வந்தது. முதலில் தும்ரி பாடினார், பிறகு கஜல்.

கஜல் என்பது இரண்டிரண்டு அடிகளாக எழுதப்படும் உருதுக் கவிதை. ஒவ்வொரு ஈரடியும் தனித்தே பொருள் தரும். மெஹ்தி ஹசன் முதல் அடியைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு ஸ்வரங்களில் பாடி நம்மைத் தவிக்க விடுவார். இரண்டாம் அடி வந்து விழும்போது, பாஷை தெரியாத எனக்கே சிலிர்க்கிறது. அகமது ஃபராஸ் எழுதி இவர் பாடிய புகழ்பெற்ற கஜல் ஒன்று யமன் ராகத்தில் அமைந்தது. நம்ம கல்யாணிதான் அங்கே யமன். அதனால்தானோ என்னவோ, முதல் தடவை கேட்டபோதே பழகின பாட்டு மாதிரி இருந்தது.

1964-ல் வந்த ‘ஃபரங்கி’ படத்தில் ஃபைஸ் அகமது ஃபைஸின் கவிதையைப் பாடினார். அதன் பிறகு அவர் பெயர் தெரியாத வீடு அங்கே இல்லை. சினிமாவில் பாடினாலும் ராகத்தில் அலட்சியம் காட்டாதவர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்ததே இதுதான். பிரிந்த இரண்டு நாடுகளிலும் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். புகழ் வந்த பிறகு, பிறந்த லூனா மண்ணையும் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசி வருஷங்களில் நோய் அவர் குரலைப் பறித்தது. 2012 ஜூன் 13-ல் கராச்சியில் காலமானார்.

இப்போது தினமும் காலை ஐந்தரைக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் சாதகம் செய்கிறேன். மேல்மாடி ரூம் நண்பர்கள் மன்னிக்கவும்.