தாயரைக் காத்த தஞ்சை மன்னர்

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் இரண்டாம் சரபோஜியின் பெயரை அறியாதார் இலர். சரசுவதி மகால் நூல்நிலையத்தை வளர்த்த பெருமை அவருக்கு உண்டு. ஆயினும், கருவுற்ற ஏழைப் பெண்டிர்பொருட்டு அவர் கொண்ட கவலையை அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

சரபோஜி 1777-ஆம் ஆண்டு பிறந்தார். மக்களை இழந்து வருந்திய துளஜா மன்னர் 1787-ஆம் ஆண்டில் அவரைத் தத்தெடுத்து, அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். பட்டம் அமரசிங்கருக்குப் போயிற்று. இளஞ்சரபோஜியைச் சுவார்ட்சுப் பாதிரியார் பரிந்து காத்தார்; பின்னர்ச் சென்னையிலும் கல்வி பயிலச் செய்தார். 1798-ஆம் ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். மறு ஆண்டே ஓர் உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்கு மாறியது. தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே மன்னருக்கு எஞ்சின.

அக்காலத்தில் இருப்புப்பாதை இல்லை. இராமேசுவரத்திற்கு நீராடச் செல்வோர் பல நூறு கல் தொலைவு கால்நடையாகவே வருவர். அவர்களுக்கு உணவும் உறையுளும் அளிக்கச் சரபோஜியின் முன்னோர் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டியிருந்தனர். நாடு கைமாறியபின் இவ்வறங்கள் என்னாகுமோ என்று மன்னர் கலங்கினார். 1801-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், கும்பினியின் ரெசிடெண்டாகிய டோரின் துரைக்கு நீண்டதொரு முடங்கல் விடுத்தார். சத்திரங்களில் நடைபெறும் அறங்களை அதில் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். நோயுற்றோர்க்கு மருத்துவமும், குழந்தைகளுக்குப் பாலும் அளிக்கப்படும்; கருவுற்ற பெண்டிர் பரிவுடன் பேணப்படுவர்; சத்திரத்தில் மகவு ஈன்றவளுக்கு ஆகும் செலவும் மருந்தும் சத்திரத்தையே சார்ந்தன; ஈன்றபின் அவள் மூன்று திங்கள் அங்கேயே தங்கலாம். இவற்றிற்கு ஊறு நேராமல் காக்க வேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள்.

மூன்று திங்கள் என்னும் அளவைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஈன்ற தாயின் கருப்பை பழைய அளவிற்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு கிழமை ஆகும். இழந்த குருதி ஊற வேண்டும். பாலூட்டல் நிலைபெற வேண்டும். பச்சைக் குழவியை மார்பில் அணைத்துக் கொடுவெயிலில் வழிநடக்க வேண்டியவளுக்கு ஆறு கிழமை போதாது. சத்திர விதியை வகுத்தவர் ஏட்டறிவால் மட்டும் அதனை வகுத்திலர் என்பது எம் கருத்து.

1802-ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் மன்னர் தாமே ஒரு சத்திரம் நிறுவினார். தஞ்சையில் தன்வந்திரி மகாலை ஏற்படுத்தி, நம் நாட்டு மருத்துவரையும் மேனாட்டு மருத்துவம் அறிந்தோரையும் ஒருங்கே கூட்டினார். அங்கு ஆராய்ந்து கண்ட முறைகள் தமிழ்ச் செய்யுளாக இயற்றப்பெற்றன.

மன்னர் மேனாட்டு நூல்களை ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தவர். எனினும், கரு எவ்வாறு உண்டாகிறது என்பதை அந்நாளில் எந்நாட்டாரும் தெளிய அறிந்திலர். பாலூட்டும் உயிர்களின் கருமுட்டையை வான் பேயர் என்னும் அறிஞர் கண்டறிந்து வெளியிட்டது 1827-ஆம் ஆண்டில்தான். அது சரபோஜி வாழ்ந்திருந்த காலமே. தந்தையின் உயிரணு அம்முட்டையோடு கூடியபின், நான்காம் கிழமைக்குள் சிறு நெஞ்சம் துடிக்கத் தொடங்குவதும், எட்டுக் கிழமைக்குள் உறுப்புக்கள் பெரும்பாலும் உருக்கொள்வதும் பின்னோர் கண்டவை. பட்டாணிச் செடிகளை வளர்த்து மெண்டல் பாதிரியார் கண்ட மரபு நெறி 1866-ஆம் ஆண்டில் அச்சேறியது. மகப்பேற்றுக் காய்ச்சல் மருத்துவரின் கைவழியே பரவுகிறது என்பதை வியன்னாவில் செம்மல்வைசு உணர்ந்தது 1847-ஆம் ஆண்டில். கைகழுவுதலின் அருமை தெரியாத காலத்தில், ஓய்வும் உணவும் பரிவுமே தாய்க்குக் கிடைக்கத்தக்க பெருந்துணையாய் இருந்தன. அவற்றைத் தடையின்றித் தரவே மன்னர் மன்றாடினார்.

சத்திரங்கள் மன்னர் பொறுப்பிலேயே நீடித்தன. 1832-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சரபோஜி மறைந்தார். அவர் காலத்து மருத்துவச் சுவடிகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் சரசுவதி மகாலிலிருந்து அச்சாகியுள்ளன. அவற்றுள் ஒன்று கருப்பிணிப் பெண்டிர்க்கும் பாலர்க்கும் உரிய சிகிச்சையைக் கூறுவது.