ராஜா அண்ணாமலை மன்றம்

சென்னை எஸ்பிளனேடில் நிற்கும் ராஜா அண்ணாமலை மன்றத்தைத் தினந்தோறும் கடந்து செல்வோர் பல்லாயிரவர். அது ஒரு கச்சேரி மண்டபம் என்பதை அவர்கள் அறிவார்கள். எந்த வழக்கின் பயனாக அது எழுந்தது என்பதை அறிந்தவர்களோ சிலரே. 1952-ம் வருஷத்தில் அம்மண்டபம் திறக்கப்பட்டது. அது யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவர் அதைக் கண்ணால் காணக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு நான்கு வருஷங்களுக்கு முன்னரே, 1948-ம் வருஷம் ஜூன் மாதம் 15-ந் தேதி, ராஜா ஸர் அண்ணாமலை செட்டியார் காலமாகி விட்டார்.

செட்டியார் 1881-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 30-ந் தேதி செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தவர். கடல் கடந்து பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வாணிபம் நடத்திய நகரத்தார் குலத்தின் ஊக்கமும் சிக்கனமும் அவருக்குப் பிதிரார்ஜிதம். 1906-ல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து சென்னை மாகாணத்து ஜனங்களின் சேமிப்பு நாசமான பின்பு, இந்தியர் பணம் இந்தியர் கையிலேயே இருக்கட்டும் என்ற சுதேசி உணர்ச்சியால் 1907-ல் இந்தியன் பாங்கு தோன்றியது. அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தவர்களில் செட்டியாரின் குடும்பத்தாரும் உண்டு. 1920-ல் அவர் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அதுவே வளர்ந்து 1929-ல் அண்ணாமலை சர்வகலாசாலையாயிற்று. அங்கே சங்கீதத்துக்கும் ஒரு கல்லூரியை அமைத்தார்.

இவ்வளவும் சொன்ன பின், மற்றதையும் மறைக்காமல் சொல்வது நம் கடமை. அவர் நம் பாசறையைச் சேர்ந்தவர் அல்லர். தேசம் ஒத்துழையாமையில் இறங்கிய காலத்தில் அவர் ராஜாங்க சபையில் அமர்ந்திருந்தார். 1923-ல் ஸர் பட்டமும், 1929-ல் பரம்பரை ராஜா பட்டமும் அந்நிய சர்க்கார் அவருக்கு அளித்தவை. தொண்டர்கள் உப்புக் காய்ச்சித் தடியடி பட்டபோதும், பின்னர் ஆகஸ்டு இயக்கத்தில் சிறை புகுந்தபோதும் அவர் அவர்களோடு நிற்கவில்லை. இதை அவருடைய கணக்கிலிருந்து யாரும் அழிக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்கின் மறு பக்கத்தையும் வாசித்த பிறகே கூட்டுத் தொகை போட வேண்டும் என்பது நம் கட்சி.

அந்த மறு பக்கம் யாது? தமிழ்நாட்டின் சங்கீத மேடையில் தமிழ் அந்நியமாகி இருந்த நிலை. தேவாரம் பாடிய மூவரும், சீகாழி முத்துத் தாண்டவரும், அருணாசலக் கவிராயரும், மாரிமுத்தாப் பிள்ளையும், கோபாலகிருஷ்ண பாரதியாரும் பிறந்த நாட்டில், கச்சேரியின் பெரும் பகுதி தெலுங்குக் கீர்த்தனங்களுக்கும் ஸம்ஸ்கிருதக் கிருதிகளுக்கும் உரியதாயிற்று. நேரம் முடியும் தறுவாயில் துக்கடா என்ற பெயரோடு இரண்டொரு தமிழ்ப் பாட்டுக்கு இடம் கிடைத்தது. தியாகராஜ ஸ்வாமிகளின் அமிர்த வாக்கை நாம் குறைத்துப் பேசவில்லை. பொருள் தெரியாத ஸாஹித்யத்துக்குத் தலையசைக்கும் வழக்கத்தையே குறை கூறுகிறோம். இக்குறையை நம் சுப்பிரமணிய பாரதியார் தமது கட்டுரையில் முன்னமேயே எடுத்துக் காட்டியிருந்தார். ஆனால் அவரிடம் சொல் இருந்தது, பொருள் இல்லை. செட்டியாரிடம் பொருள் இருந்தது. பாரதியார் சொன்னதை நடத்திக் காட்டும் உறுதியும் இருந்தது.

தமிழில் புதிய பாடல்கள் இயற்றவும், பழைய பாடல்களை ஸ்வரப்படுத்தி வெளியிடவும் அவர் நன்கொடை வழங்கினார். 1941-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அண்ணாமலை சர்வகலாசாலையில் தமிழ் இசை மகாநாடு கூடிற்று. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடமும் பேரிடமும் வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அதன் எதிரொலி தமிழ்நாட்டின் பல நகரங்களிலும் கேட்டது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. அதே வருஷம் டிசம்பரில், சங்கீத வித்வத் சபை பாஷையை முன்னிட்டுச் சங்கீதத்தின் தரம் குறைந்து விடலாகாது என்ற கருத்தில் தீர்மானம் செய்தது. அச்சபையும் அந்நியருடையதன்று, 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் குழந்தையே அது. ஆகவே இவ்வழக்கைத் தேசபக்தருக்கும் ராஜபக்தருக்கும் நடந்த வழக்கென்று யாரும் எண்ணிவிட முடியாது. காங்கிரஸ்காரராகிய கல்கி கிருஷ்ணமூர்த்தி செட்டியாரின் பக்கம் நின்று வாதாடினார். ராஜாஜியும் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரும் ஆதரித்தனர். மற்றெல்லாவற்றிலும் இவர்களோடு முரண்பட்ட பெரியார் ஈ. வெ. ராமசாமியும் இதில் தமிழ் இசையின் பக்கமே. அந்நாளில் தமிழர் இவ்வாறு ஒரே வரிசையில் நின்ற விஷயங்கள் அதிகமில்லை.

1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பின்னர் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரியான ஸர் ஆர். கே. சண்முகம் செட்டியார் அதன் தலைவரானார். டிசம்பர்தோறும் சங்கம் இசை விழா நடத்தத் தொடங்கியது. ஆனால் சங்கத்துக்குச் சொந்த இடம் இல்லை. பிறர் மண்டபத்தில் வாடகைக்கு நடத்தும் விழாவும், சொந்த வீட்டில் செய்யும் விழாவும் ஒன்றாகுமா? இயக்கத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்ற தேவை செட்டியாரின் மறைவுக்குப் பின்னர்தான் நிறைவேறியது. அவருடைய புதல்வர் முத்தைய செட்டியார் முன்னின்று உழைக்க, தந்தையின் பெயரால் மன்றம் எழுந்தது. மறந்துபோன பண்களை ஆராய 1949 முதல் சங்கம் கூட்டி வந்த பண் ஆராய்ச்சிக்கும் இம்மன்றம் இல்லமாயிற்று.

செல்வர்கள் மண்டபம் கட்டுவது புதிதன்று. தங்கள் பெயரைக் கல்லில் பொறித்துக் கொள்வதும் புதிதன்று. ஆனால் இம்மண்டபத்தில் பெயருக்கு முன்னே கொள்கை நின்றது. கச்சேரி கேட்க வரும் சாமானியத் தமிழன், பாட்டின் பொருளையும் தன் சொத்தாகக் கொண்டு வீடு திரும்ப வேண்டும் என்பதே அக்கொள்கை. அரசியலில் சுயராஜ்யம் கேட்ட நாம், செவிக்கும் சுயராஜ்யம் வேண்டும் என்று கேட்டவரைக் கௌரவிக்கத் தயங்குவது அழகாகாது. சிறை சென்றவரின் தியாகத்தோடு இதை ஒப்பிட வேண்டாம். அது வேறு தராசு. பட்டம் ஏற்றதைப் பட்டம் ஏற்றதென்றே எழுதுவோம். தமிழுக்கு மேடை தந்ததை மேடை தந்ததென்றே எழுதுவோம். நியாயமான சரித்திரத்துக்கு இரண்டு வரியும் தேவை.

கட்டடம் தானே பாடாது. மன்றத்தின் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளும் தமிழர்கள், அங்கே பாட்டு நடக்கும் நாளில் நாற்காலிகளை நிரப்ப வேண்டும். வித்வான்கள் தமிழ்ப் பாட்டைக் கடைசி அரைமணிக்கு ஒத்தி வைக்காமல், கச்சேரியின் நடுநாயகமாக விஸ்தாரம் செய்ய வேண்டும். பெற்றோர் தம் குழந்தைகளுக்கு முதற்பாடமாக ஒரு தேவாரப் பண்ணையாவது கற்பிக்க வேண்டும். செட்டியார் பணத்தால் செய்யக் கூடியதைச் செய்து முடித்தார். பணத்தால் செய்ய முடியாத மீதி வேலை நம்முடையது.