சரக்கென விற்கப்பட்டவரின் சாட்சியம்

கரிபியன் தீவான மொன்செராற்றின் துறைமுகத்தில் சீனியைப் போன்றே மனிதரும் விலை பேசப்பட்ட காலம் அது. அங்கு அடிமையாயிருந்த ஒலாடா ஈக்குயானோ, கப்பற் பணிக்கிடையே சிறு பண்டங்கள் விற்றுச் சேர்த்த பணத்தால் 1766இல் தமது விடுதலையை விலைகொடுத்துப் பெற்றார்.

1781இல் சொங் என்னும் கப்பலிலிருந்து 130இற்கும் அதிகமான ஆபிரிக்கர் கடலில் வீசப்பட்டனர். உரிமையாளரோ காப்புறுதிப் பணம் கோரினர். 1783இல் இலண்டனில் இக்கொடுமையை அடிமைமுறை எதிர்ப்பாளர் கிரான்வில் ஷார்ப்பிடம் அறிவித்தவர் ஈக்குயானோவே. எனினும் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

1789இல் தமது வரலாற்றை நூலாக்கி, ஊரூராகச் சென்று பரப்பினார். 1797இல் அவர் மறைந்தார். பிரித்தானியா அடிமை வணிகத்தைத் தடைசெய்தது 1807இல்தான்.

துறைமுக நகரங்களின் செழிப்பை வியக்கும் நாம், அதற்கு விலையாக்கப்பட்ட மனிதரை மறத்தலாகாது. சட்டம் சரக்கெனக் கருதியவரின் சாட்சியமும் சேர்ந்தே அச்சட்டத்தை மாற்றியது.