வெனிஸின் முகத்தை வரைந்தவர்

சுற்றுலாப் பயணிகளின் நினைவுப் பொருள் என ஒதுக்கப்பட்ட ஓவியங்கள், பிற்காலத்தில் ஒரு நகரின் ஆவணங்களாக மாறுவதுண்டு. இத்தாலிய ஓவியர் கனாலெட்டோவின் வாழ்க்கை அதற்குச் சான்று.

1697-இல் வெனிஸில் பிறந்த அவரது இயற்பெயர் ஜொவான்னி அன்டோனியோ கனால். தந்தை பெர்னார்டோ கனால் நாடக மேடைகளுக்குத் திரை தீட்டியவர். தந்தையிடமிருந்து பிரித்தறிய மகனுக்கு வழங்கிய பெயரே 'சின்ன கனால்' எனப் பொருள்படும் கனாலெட்டோ. மேடைத் திரை வரைந்து பழகிய அவர், ரோம் சென்று திரும்பிய பின் தம் நகரையே வரையத் தொடங்கினார். செயின்ட் மார்க் சதுக்கமும், அங்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயர்ந்து நிற்கும் மணிக்கோபுரமும், பெருங்கால்வாயின் மாளிகைகளும் அவரது தூரிகையில் மீண்டும் மீண்டும் உருப்பெற்றன.

வெனிஸுக்கு வந்த ஆங்கிலேயச் செல்வந்தர்கள் அவற்றை விரும்பி வாங்கினர். அங்கு வாழ்ந்த ஆங்கிலேய வணிகர் ஜோசப் ஸ்மித் அவரது புரவலராகவும் தரகராகவும் விளங்கினார். 1740-களில் ஐரோப்பாவில் மூண்ட போரால் பயணிகள் வரத்துக் குறையவே, 1746-இல் கனாலெட்டோ லண்டன் சென்றார். தேம்ஸ் நதியையும் புனித பால் தேவாலயக் குவிமாடத்தையும் கட்டுமானத்தில் இருந்த வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தையும் வரைந்தார். அவர் உண்மையான கனாலெட்டோவே அல்லர் என அங்கு வதந்தி பரவியது. தம் ஓவியத்தை நேரில் வந்து காணுமாறு நாளிதழில் விளம்பரம் செய்ய நேர்ந்தது.

தாயகம் அவரைத் தாமதமாகவே மதித்தது. புராண, வரலாற்று ஓவியங்களையே உயர்வாகக் கருதிய வெனிஸ் கலைக்கழகம், 1763-இல்தான் அவரை உறுப்பினராக ஏற்றது. 1768-இல் அவர் மறைந்தார்.

1902-இல் அந்த மணிக்கோபுரம் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே 1912-இல் மீண்டும் எழுந்தது. அழகு கருதிக் கட்டடங்களைச் சற்றே இடம் மாற்றி வரைந்தவர்தான் கனாலெட்டோ. ஆனாலும், மாளிகைச் சுவர்களில் பாசி படிந்த கோட்டை அவர் துல்லியமாகத் தீட்டியிருந்தார். அதை இன்றைய கோட்டுடன் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், வெனிஸில் நீர்மட்டம் சுமார் 60 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகக் கணித்தனர். அவரிடம் பயின்ற மருமகன் பெல்லோட்டோ தீட்டிய வார்சா நகர ஓவியங்கள், இரண்டாம் உலகப் போரில் சிதைந்த அந்நகரை மீட்டெழுப்ப உதவின.

தினமும் காணும் கோபுரத்தையும் தெருவையும் நாம் கூர்ந்து நோக்குவதில்லை. அவை மறைந்த பின்னரே பதிவுகளைத் தேடுகிறோம். வாழும் காலத்திலேயே தம் நகரைப் பதிவு செய்வோரை மதிக்கும் சமூகத்துக்கு அந்தத் தேடல் எளிதாகும்.