நிறத்தை அளந்த மேக்ஸ்வெல்

குழந்தைகளே, உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ கம்ப்யூட்டர் இருந்தால், அதன் திரையை ஒரு நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் வெள்ளையே இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறப் பொட்டுகள்தான் நெருக்கமாக இருக்கும். இந்த மூன்றையும் கூட்டிக் குறைத்துத்தான் திரை எல்லா நிறங்களையும் காட்டுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பொங்கலன்று என் பேத்தியைப் படம் எடுத்தோம். அவள் கட்டியிருந்தது அரக்கு நிறப் பட்டுப் பாவாடை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அது செங்கல் நிறமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ரத்தச் சிவப்பு. அச்சுப் போட்டு வாங்கினால் பழுப்பு! படம் ஒன்றுதான், நிறம் மட்டும் மூன்று. எதை நம்புவது?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியைக் காட்டியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். அவர் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. வீடுகளில் மின்விளக்குகூடக் கிடையாது.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் 1831 ஜூன் 13 அன்று மேக்ஸ்வெல் பிறந்தார். வளர்ந்தது கிளென்லேர் என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில். சிறுவயதில் அவர் ஒரு கேள்விக் குடுக்கை. யாராவது ஒரு கல்லைக் காட்டி இது நீலம் என்றால், நீலம் என்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்பாராம். பெரியவர்கள் திணறிப் போவார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள், என்ன பதில் சொல்வீர்கள்?

எட்டு வயதில் அம்மா வயிற்றுப் புற்றுநோயால் இறந்துவிட்டார். பத்து வயதில் எடின்பரோவில் பள்ளியில் சேர்ந்தார். அப்பாவே யோசித்து வடிவமைத்த, நுனி சதுரமான காலணியும் வித்தியாசமான சட்டையும் போட்டுக்கொண்டு முதல் நாள் போனார். மற்ற பையன்கள் சும்மா விடுவார்களா? சட்டையைக் கிழித்து, அசடு என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள். அந்த 'அசடு' 14 வயதில் முட்டை வடிவக் கோடுகளைப் பற்றி ஒரு கணக்குக் கட்டுரை எழுதியது. வயது போதாது என்பதால், எடின்பரோ அறிஞர் சபையில் பேராசிரியர் ஃபோர்ப்ஸ் அதை அவருக்காக வாசித்தார்.

நிறத்தை ஆராய மேக்ஸ்வெல் பயன்படுத்திய கருவி என்ன தெரியுமா? பம்பரம்! தட்டையான பம்பரத்தின் மேல் சிவப்பு, பச்சை, நீலக் காகித வட்டங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்தார். நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறிய வட்டங்கள். விளிம்பில் 100 பங்குகளாகக் கோடு. பம்பரத்தைச் சுழற்றினால் வெளி வளையம் ஒரே நிறமாகக் கலந்து தெரியும். நடு வட்டம் சாம்பலாகத் தெரியும். இரண்டும் வேறுபாடே இல்லாமல் ஒன்றாகத் தெரியும்வரை காகிதங்களை நகர்த்தி நகர்த்திச் சுழற்றுவார். 1855-இல் பகல் வெளிச்சத்தில் அவர் கண்ட அளவு இது: சிவப்பு 37, நீலம் 27, பச்சை 36 பங்கு சேர்ந்தால், வெள்ளை 28, கறுப்பு 72 பங்கு சேர்ந்த சாம்பலுக்குச் சமம்.

(நான் வகுப்பில் அட்டைப் பம்பரம் சுற்றிக் காட்டியபோது வெள்ளை வரும் என்று சொல்லிவிட்டுச் சுற்றினேன். சாம்பல்தான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மேக்ஸ்வெல்லுக்கும் சாம்பல்தான் வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று!)

இதில் உள்ள புதுமையைக் கவனியுங்கள். கண்ணுக்கு நிறத்தின் பெயரைச் சொல்லும் வேலை இல்லை. இரண்டும் ஒன்றா, வேறா என்று மட்டும் சொன்னால் போதும். மீதியை எண் பார்த்துக்கொள்ளும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுற்றினால் எண்கள் மாறிவிடுகின்றன என்பதையும் அவர் குறித்து வைத்தார்.

1858-இல் கேத்தரின் என்பவரை மணந்தார். 1860-இல் லண்டனில் பேராசிரியர் வேலை கிடைத்தது. வீட்டு மாடியில் எட்டு அடி நீளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தார். சூரிய ஒளியைப் பிரித்து மூன்று நிறங்களை எடுத்துக் கலந்து பார்க்கும் பெட்டி அது. கணவனும் மனைவியும் மணிக்கணக்காக அதற்குள் எட்டிப் பார்ப்பதைக் கண்ட அக்கம்பக்கத்தார், சவப்பெட்டிக்குள் பார்க்கும் பைத்தியங்கள் என்று நினைத்தார்களாம்! இதில் கேத்தரினின் அளவுகளும் மேக்ஸ்வெல்லின் அளவுகளும் கொஞ்சம் வேறுபட்டன. ஒரே வீட்டில் இரண்டு கண்கள், இரண்டு கணக்கு.

அப்படியானால் யார் கண்ணை நம்புவது? பின்னாளில் இங்கிலாந்தில் ரைட், கில்டு என்ற இருவர் தனித்தனியாக மொத்தம் 17 பேரின் கண்களைச் சோதித்தார்கள். அவற்றின் சராசரியிலிருந்து 1931-இல் உலகம் முழுவதற்கும் பொதுவான நிற அளவு உருவானது.

போட்டோக்களைத் திருத்துகிறவர்கள் இன்று மானிட்டரைச் சரிபார்ப்பது இந்த அளவை வைத்துத்தான். முதலில் திரையை அரைமணி நேரம் எரியவிடுவார்கள். அறை வெளிச்சத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வார்கள். பிறகு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைத் திரைமேல் தொங்கவிடுவார்கள். திரை ஒவ்வொரு நிறமாகக் காட்டும். கருவி அதை அளந்து, வரவேண்டிய எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறிக்கும். வெள்ளை என்பது பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளையாக இருக்க வேண்டும். அதற்கு 6500 கெல்வின் என்று அளவு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு திருத்த வேண்டும் என்ற பட்டியலைக் கம்ப்யூட்டர் சேமித்து வைத்துக்கொள்ளும். திரை பழசாக ஆக நிறம் மாறும் என்பதால் அவ்வப்போது திரும்பவும் செய்ய வேண்டும். மேக்ஸ்வெல் பம்பரத்தில் காகிதத்தை நகர்த்திய அதே வேலைதான்.

1861 மே 17 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் ஓர் அதிசயம் காட்டினார். கட்டம் போட்ட ஒரு ரிப்பனை தாமஸ் சட்டன் என்ற புகைப்படக்காரர் சிவப்பு, பச்சை, நீல நீர்களின் வழியே மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்துக் கொடுத்திருந்தார். நீலத்துக்கு 6 விநாடி போதுமானதாக இருந்தது. பச்சைக்கு 12 நிமிடமும் சிவப்புக்கு 8 நிமிடமும் ஆயின. மூன்றையும் அதே நிற ஒளியில் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்ததும் ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது. உலகின் முதல் வண்ணப் புகைப்படமாக இதைச் சொல்கிறார்கள்.

ஒளி என்பது மின்காந்த அலை என்று 1865-இல் வெளியான கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டியதும் இவரே. அதைப் பெரிய வகுப்பில் படிப்பீர்கள். 1879 நவம்பர் 5 அன்று, அம்மாவைக் கொண்டுபோன அதே நோயால், 48 வயதில் மேக்ஸ்வெல் மறைந்தார்.

ரிப்பன் கதை அத்தோடு முடியவில்லை. அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளியே தெரியாது. அப்படியிருக்கச் சிவப்புப் படம் எப்படி விழுந்தது? 100 ஆண்டு கழித்து, 1961-இல் கோடாக் நிறுவன ஆய்வாளர்கள் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ரிப்பனின் சிவப்புச் சாயம் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. சிவப்பு நீர் அதை உள்ளே விட்டிருக்கிறது. தகட்டில் பதிந்தது சிவப்பே அல்ல, புற ஊதாக் கதிர்!