கோமாளியில் கிறிஸ்துவைக் கண்டவர்

ஓவியர் ஜோர்ஜ் றுவோ 1871 மே 27இல், பாரிஸ் நகரம் குண்டுவீச்சில் அதிர்ந்த வேளையில், ஒரு நிலவறையில் பிறந்தார். 14ஆம் வயதில் வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் வேலைக்கு அமர்ந்தார். அவரது படங்களிலுள்ள தடித்த கருங்கோடுகள் ஆலயக் கண்ணாடிகளின் ஈயப் பட்டிகளை நினைவூட்டும்.

1898இல் அன்புக்குரிய ஆசான் குஸ்தாவ் மொறோ மரித்தார். றுவோ உடலாலும் உள்ளத்தாலும் தளர்ந்தார். 1901இல் லிகுஜே துறவுமடத்தின் அருகில் தங்கிச் செபித்தார். பின்னர் எவியன் ஏரிக்கரையில் ஓய்வுபெற்றுத் தேறினார்.

அதன்பின் கோமாளிகளையும் விலைமாதரையும் வரைந்தார். மினுங்கும் உடைக்குள் அழும் ஆன்மாவைக் காட்டினார். 1948இல் வெளிவந்த அவரது 58 'மிசெரேரே' அச்சோவியங்களில் ஏழைகளின் துயரும் கிறிஸ்துவின் பாடுகளும் அருகருகே நிற்கின்றன. 1958இல் இறையடி சேர்ந்தார்.

தம் துன்பத்தை வீணாக்காதவரே பிறர் துன்பத்தில் ஆண்டவரைக் காண்பார்.