திருத்தி எழுதிய கரம் – ஜேன் ஆஸ்டின்

நாவல் எழுத வேண்டும் என்ற ஆசை நம் மாணவியர் பலருக்கு உண்டு. ஆனால் அதற்குத் தனி அறை வேண்டும், ஓய்வு வேண்டும், உலகத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணி அந்த ஆசையை மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிடுகிறோம். இவை எதுவும் இல்லாமலேயே ஆறு நாவல்களால் அழியாப் புகழ் பெற்றவர் ஜேன் ஆஸ்டின் அம்மையார். அவருடைய வாழ்க்கையைச் சற்றே பார்ப்போம்.

ஜேன் 1775ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஆஸ்டின் அவ்வூரில் ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். எட்டுக் குழந்தைகளில் ஜேன் ஏழாவது. வருமானம் போதாமல் தந்தை சில மாணவர்களை வீட்டிலேயே தங்க வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஜேனின் பள்ளிப்படிப்பு பதினோரு வயதோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு தந்தையின் நூலகமே அவருக்குப் பள்ளி. பன்னிரண்டு வயதளவில் வேடிக்கைக் கதைகள் எழுதத் தொடங்கினார். பிற்பாடு அவற்றை மூன்று குறிப்பேடுகளில் அழகாகப் பிரதி எடுத்து வைத்தார். அவர் எழுதியதைக் கேட்டு முதலில் சிரித்து மகிழ்ந்தவர்கள் அவருடைய வீட்டாரே.

இருபத்தோராவது வயதில் ஒரு முழு நாவலை எழுதி முடித்தார். 1797 நவம்பரில் தந்தையார் லண்டன் பதிப்பாளர் ஒருவருக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். கைப்பிரதியை ஒருமுறை பார்க்கக்கூட விரும்பாமல் பதிப்பாளர் மறுத்துவிட்டார். 1803இல் வேறொரு பதிப்பாளர் அவருடைய மற்றொரு நாவலைப் பத்துப் பவுனுக்கு வாங்கினார். ஆனால் அச்சிடவே இல்லை. ஆறு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்த ஜேன் கடிதம் எழுதிக் கேட்டார். பத்துப் பவுனைத் திருப்பிக் கொடுத்தால் பிரதியைத் தருவோம் என்று பதில் வந்தது. அப்போது அவர் அதை மீட்கவில்லை; 1816இல்தான் அது திரும்ப வாங்கப்பட்டது.

இதற்கிடையில் 1805இல் தந்தை காலமானார். தாயும் இரு பெண்மக்களும் சகோதரர்களின் உதவியை நம்பி வாழ வேண்டியதாயிற்று. ஊர் விட்டு ஊர், வீடு விட்டு வீடு என்று அலைந்த அந்த ஆண்டுகளில் ஒரு நாவல் பாதியிலேயே நின்றுபோனது. ஆனாலும் பழைய கைப்பிரதிகளை அவர் எறிந்துவிடவில்லை. சென்ற இடமெல்லாம் உடன் எடுத்துச் சென்றார்.

1809இல் அண்ணன் எட்வர்டு சாட்டன் என்ற கிராமத்தில் ஒரு வீடு கொடுத்தார். அங்கேதான் ஜேனுடைய எழுத்து மலர்ந்தது. காலையில் எழுந்ததும் சிறிது நேரம் பியானோ வாசிப்பார். பிறகு காலை உணவைத் தயாரிப்பது அவர் பொறுப்பு. மற்ற வீட்டு வேலைகளில் பெரும்பகுதியை அக்கா கசாண்ட்ராவும் தோழி மார்த்தாவும் ஏற்றுக்கொண்டார்கள். தங்கைக்கு எழுத நேரம் கிடைக்க வேண்டும் என்பதில் அக்காவுக்கு அத்தனை அக்கறை! தனி அறை இல்லை. பொதுக் கூடத்தில் ஒரு சிறு மேசைதான். கையடக்கமான தாள்களில் எழுதுவார். யாராவது வந்தால் மறைத்துவிடுவார். வீட்டின் உட்கதவு ஒன்று திறக்கும்போது கிறீச்சிடும். ஆள் வருவது தெரியட்டும் என்று அதைச் சரி செய்யவே விடவில்லை என அவருடைய அண்ணன் மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த மேசையில் அவர் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? புதுக் கதை எழுதியதல்ல. பழைய கதைகளைத் திருத்தியது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811இல் வெளிவந்தது. நூலில் அவர் பெயர் இல்லை. ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும் இருந்தது. நஷ்டம் வந்தால் தாமே ஏற்பதாகச் சொல்லி வெளியிட்ட அந்நூல் 140 பவுன் லாபம் தந்தது. பார்க்காமலே மறுக்கப்பட்ட அந்த நாவலும் வெட்டிச் சுருக்கப்பட்டு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் 1813இல் 'பிரைடு அண்ட் பிரஜுடிஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. அச்சுப் பிரதி கைக்கு வந்ததும் வீட்டில் உரக்க வாசித்தார்கள். அம்மா வேகமாக வாசித்ததால் பாத்திரங்கள் பேச வேண்டிய விதத்தில் பேசவில்லையே என்று ஜேன் குறைப்பட்டுக்கொண்டார். உரையாடலைக் காதால் கேட்டே அவர் எடை போட்டார் என்பது இதிலிருந்து விளங்கும்.

அண்ணன் மகள் அன்னாவும் நாவல் எழுத முயன்றாள். 1814இல் அத்தை அவளுக்கு எழுதிய கடிதங்கள் இளம் எழுத்தாளருக்கு நல்ல பாடநூல். ஒரு கிராமமும் மூன்று நான்கு குடும்பங்களும் இருந்தால் கதைக்குப் போதும் என்றார். பாத்திரங்கள் அயர்லாந்துக்குப் போகலாம், ஆனால் அங்குள்ள பழக்க வழக்கம் தெரியாத நீ அவர்களோடு போகாதே என்றார். வருணனை நீண்டால் குறைக்கச் சொன்னார். அன்னாவின் கதையில் ஒருவர் கை முறிந்த மறுநாளே வெளியே நடந்து போகிறார். அன்னாவின் தந்தை உண்மையிலேயே அப்படி நடந்தவர்தாம்! ஆயினும் ஜேன் அதை அடித்துவிட்டார். நடந்தது என்பதற்காக மட்டும் ஒரு செய்தி கதையில் பொருந்திவிடாது. படிப்பவர் நம்ப வேண்டும் என்பது அவர் கருத்து.

பிறருக்குச் சொன்ன கண்டிப்பைத் தமக்கும் வைத்துக்கொண்டார். 1816 ஜூலை 18ஆம் நாள் 'பெர்சுவேஷன்' நாவலை முடித்தார். உடல்நலம் குன்றியிருந்த நேரம். முடிவு அவருக்குத் திருப்தி தரவில்லை. மனச்சோர்வோடு படுக்கச் சென்றவர், மறுநாள் புதுத் தெளிவோடு எழுந்தார் என்பது குடும்பத்தாரின் நினைவு. முடிவுப் பகுதியை மாற்றி எழுதி ஆகஸ்ட் 6ஆம் நாள் மீண்டும் முடித்தார். அந்த நாவலில் இன்று உலகம் போற்றுவது அவ்வாறு மாற்றி எழுதிய பகுதியைத்தான்.

முதல் முறை முடித்த நாளிலிருந்து சரியாக ஓராண்டில், 1817 ஜூலை 18ஆம் நாள், சிகிச்சைக்காகச் சென்றிருந்த வின்செஸ்டர் நகரில் அக்காவின் அருகில் ஜேன் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41. வின்செஸ்டர் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் அவருடைய நற்குணங்கள் பொறிக்கப்பட்டன. நாவல்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்று அக்கல்லைத் தேடி வருவோர் அந்த நாவல்களுக்காகவே வருகிறார்கள்.

அன்பு மாணவியரே! நீங்கள் அறிந்த தெருவும் நான்கு வீடுகளும் கதைக்குப் போதும். எழுதியதை உரக்கப் படித்துப் பாருங்கள். வேண்டாததை அடித்துவிட அஞ்சாதீர்கள். இன்று யாரும் ஏற்காத கைப்பிரதியானாலும் கிழித்தெறியாமல் பத்திரமாக வையுங்கள். நாளை அதைத் திருத்தப் போகும் கரம் உங்களுடையதே.